மோசல் நதிக்கரையில் மிதிவண்டிப் பயணம்: ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை, கார் இல்லாமல்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ட்ரியர் நகருக்கும், மோசல் ஆறு ரைன் நதியில் கலக்கும் கோப்லென்ஸ் நகருக்கும் இடையே நேர்க்கோடு ஒன்று இழுத்தால் அது நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ரயில் அந்தத் தொலைவை 112 கிலோமீட்டரில் கடக்கிறது. ஆறோ, மலைகளுக்கிடையே வளைந்து, திரும்பி, சில இடங்களில் வந்த திசைக்கே மறுபடியும் போய், ஏறக்குறைய 190 கிலோமீட்டர் ஓடித்தான் கோப்லென்ஸை அடைகிறது. இந்த மூன்று அளவுகளையும் மனத்தில் பதித்துக்கொண்டால் பயணத் திட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும். ஆற்றின் நீளத்தை மிதிவண்டியில் கடக்க வேண்டும்; களைப்போ மழையோ நேரக்குறைவோ குறுக்கிட்டால் ரயிலின் நீளத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில், மிக அழகிய பகுதியில், ரயிலே கிடையாது. எங்கே ரயில் இருக்கிறது, எங்கே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு நாள்களைப் பிரிப்பதுதான் இந்தப் பயணத்தின் சூட்சுமம். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மோசலைப் பார்க்க வருகிறவர்கள் ஊருக்கு ஊர் வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் கவலை மிதிவண்டிக்காரருக்கு இல்லை.

ரயில் ஏன் ஆற்றை விட்டு விலகியது

1870களில் பெர்லினிலிருந்து மெட்ஸ் வரை படைகளைக் கொண்டுசெல்வதற்காக ஒரு ரயில் பாதை திட்டமிடப்பட்டது. மக்கள் அதற்குப் ‘பீரங்கிப் பாதை’ என்றே பெயர் வைத்தார்கள். ராணுவத்துக்கு வேண்டியது விரைவு. திராட்சை விளையும் ஊர்களைத் தொட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. எனவே 1879இல் திறக்கப்பட்ட கோப்லென்ஸ்–ட்ரியர் தடம், கோக்கெம் என்ற ஊர்வரை ஆற்றை ஒட்டியே வந்து, அங்கிருந்து 4.2 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தில் புகுந்து ஒரு பெரும் வளைவை வெட்டிக் கடந்து, புல்லாய் ஊருக்குப் பிறகு ஆற்றையே கைவிட்டு, விட்லிஷ் சமவெளி வழியாக ட்ரியரை நோக்கிப் போய்விட்டது. கைவிடப்பட்ட ஊர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றங்கரையிலேயே ஒரு சிறு ரயில் பாதை போடப்பட்டது. ஒயின் ஊர்களினூடே ஓடியதால் அதற்குக் ‘குடிகார ரயில்’ என்று செல்லப்பெயர் உண்டு. 1960களில் அதுவும் நின்றுபோயிற்று. அதன் தண்டவாளம் கிடந்த நிலத்தின் சில பகுதிகள் இன்று மிதிவண்டிப் பாதையாகியிருக்கின்றன. ரயிலுக்காகச் சமன் செய்யப்பட்ட தடம் என்பதால் அங்கே ஏற்றம் என்பதே தெரியாது.

ஆகவே இன்றைய நிலை இதுதான். கோப்லென்ஸிலிருந்து புல்லாய் வரை ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய ஊருக்கும் ரயில் நிலையம் உண்டு. புல்லாயிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக் ஊருக்கு ஒரு கிளைப்பாதை போகிறது. ட்ராபன்-ட்ரார்பாக்கிலிருந்து ட்ரியரை அடுத்த ஷ்வைஷ் வரை, ஆற்றின் போக்கில் சுமார் எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு, கரையில் ரயில் இல்லை. இந்த இடைவெளியில் பேருந்துகள்தாம் துணை. கோடைக்காலத்தில் மிதிவண்டி ஏற்றுவதற்கென்றே பின்னால் வண்டி இணைத்த பேருந்துகள் ஓடுகின்றன. இடத்தை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. குழுவாகப் போகிறவர்கள் முன்பதிவு இல்லாமல் நிறுத்தத்தில் போய் நிற்கவே கூடாது.

எப்போது போவது

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை போகலாம். அதற்குள்ளும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு குணம் உண்டு. ஏப்ரலில் திராட்சைச் சரிவுகளுக்கிடையே சிவப்புப் பீச் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். கொடிகள் இன்னும் துளிர்விடாத நேரம் ஆகையால் மலையின் எலும்பும் கற்சுவர்களும் தெளிவாகத் தெரியும். மே, ஜூன் மாதங்களில் பகல் நீளம். இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூட்டமும் வெயிலும் அதிகம். பள்ளத்தாக்கின் சரிவுகள் வெப்பத்தைப் பிடித்துவைத்து மாலைவரை வெளியிடுவதால், சில நாள்களில் நம் ஊர் மே மாதத்தை நினைவூட்டும். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் அறுவடைக் காலம். என்னைக் கேட்டால் அதுவே சிறந்த பருவம். அந்த வாரங்களில் தங்கும் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும் என்பதையும், நவம்பர் பிறந்ததும் பல விடுதிகளும் உணவகங்களும் மூடிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குளிர்காலத்திலும் இளவேனிலின் தொடக்கத்திலும் மோசலில் வெள்ளம் வரும். பழைய வீடுகளின் சுவர்களில் நீர் ஏறிய உயரத்தையும் ஆண்டையும் கோடு கிழித்துப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1993ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின் கோடு பல ஊர்களில் ஆளுயரத்துக்கு மேலே இருப்பதைப் பார்க்கலாம். மிதிவண்டிப் பாதை ஆற்றை ஒட்டித் தாழ்வாகப் போவதால் முதலில் மூழ்குவது அதுதான். ‘ஹோக்வாசர்’ என்று பலகை கண்டால் வெள்ளம் என்று பொருள். ‘உம்லைட்டுங்’ என்றால் மாற்றுப்பாதை. இவ்விரண்டு சொற்களையும் போகும் முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வண்டியும் சுமையும்

பாதையின் பெரும்பகுதி தார் போட்டது. ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆறு இறங்கும் உயரமே எழுபது மீட்டருக்குள்தான். எனவே பந்தய வண்டியும் தேவையில்லை, மலை வண்டியும் தேவையில்லை. ஐரோப்பாவில் ‘ட்ரெக்கிங்’ வகை என்று வாடகைக்குத் தரும் வண்டி, அதாவது நிமிர்ந்து உட்காரும் ஹாண்டில்பார், ஏழு அல்லது எட்டு கியர், நான்கு சென்டிமீட்டர் அகல டயர், பின்னால் உறுதியான கேரியர் கொண்ட வண்டி போதும். ஜெர்மனியின் சாலைச் சட்டப்படி முன்விளக்கு, பின்விளக்கு, எதிரொளிக்கும் வில்லைகள், பெல், தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக்குகள் ஆகியவை இருந்தாக வேண்டும். வாடகை வண்டியில் இவை இருக்கும். இருந்தாலும் எடுக்கும்போதே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். இருக்கையின் உயரத்தைக் கடைக்காரர் முன்னிலையிலேயே சரிசெய்யுங்கள்: மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். இதில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் மூன்றாம் நாள் முழங்கால் சொல்லிவிடும்.

வண்டியை ட்ரியரில் எடுத்துக் கோப்லென்ஸில் விடலாமா என்று முதலிலேயே கேளுங்கள். சில கடைகள் கூடுதல் கட்டணத்துக்கு அதை அனுமதிக்கின்றன. இல்லையென்றாலும் கவலையில்லை, வண்டியோடு ரயிலேறித் திரும்பிவிடலாம். அந்த ரயில் பயணமும் இந்தச் சுற்றுலாவின் ஓர் அங்கம்தான்.

சுமையைக் கேரியரின் இருபுறமும் தொங்கும் நீர்புகாப் பைகளில் வையுங்கள். முதுகுப்பை வேண்டவே வேண்டாம். முதல் பத்துக் கிலோமீட்டர் தெரியாது, பிறகு தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும், கனமான பொருள் அடியில் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு இரண்டு மாற்றுடை, ஒரு மழைச்சட்டை, மாலைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, உதிரி டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு, சிறிய பூட்டுச் சங்கிலி ஆகியவை போதும். ஊர்விட்டு ஊர் பெட்டியைக் கொண்டுசேர்க்கும் சேவைகளும் இங்கே உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் அது பெரிய உதவி. மற்றவர்கள் சுமையைக் குறைத்துக்கொண்டு தாமே எடுத்துச் செல்வது மேல், ஏனெனில் பெட்டி ஓர் ஊருக்குப் போய்விட்டால் நடுவழியில் பிடித்துப்போன ஊரில் தங்க முடியாது.

ரயிலில் வண்டியை ஏற்றுவது

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் பெரும்பாலும் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குவார்கள். அங்கிருந்து ரைன் பள்ளத்தாக்கு வழியாகக் கோப்லென்ஸுக்கு ரயில் உண்டு. கோப்லென்ஸிலிருந்து ட்ரியருக்கு வட்டார விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நெடுந்தூர ரயில்களில் மிதிவண்டிக்குத் தனியே இடம் பதிவு செய்ய வேண்டும், பல அதிவேக ரயில்களில் அதற்கு வசதியே இல்லை. மோசல் பள்ளத்தாக்கு அடங்கிய ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தின் வட்டார ரயில்களிலோ, வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகும், சனி ஞாயிறுகளில் நாள் முழுவதும், மிதிவண்டியை இலவசமாகக் கொண்டுபோகலாம். இடம் இருந்தால்தான் ஏற முடியும் என்பது நிபந்தனை. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் முன்னுரிமை. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கோக்கெம் நடைமேடையில் நாற்பது மிதிவண்டிகள் காத்திருக்கும். ஆகவே ரயில் பயணத்தை வார நாளில், முற்பகல் ஒன்பதரைக்கும் நண்பகலுக்கும் இடையே வைத்துக்கொள்வதே விவேகம். கதவில் மிதிவண்டிப் படம் ஒட்டியிருக்கும் பெட்டியில் மட்டும் ஏறுங்கள். ஏறுவதற்கு முன்பே பைகளைக் கழற்றிவிட்டால் தூக்குவது எளிது.

சாலைவிதிகளில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேர்ப்பாதையில் இது எளிதில் பழகிவிடும். காலையில் விடுதியிலிருந்து வெளியே வந்து முதல் திருப்பத்தில் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் இடப்பக்கம் இழுக்கும். அடையாளப் பலகை எதுவும் இல்லாத ஊர்ச் சந்திப்புகளில் வலப்புறத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. இன்னொன்று, திராட்சை நாட்டில் போகிறவர்கள் அவசியம் அறிய வேண்டியது: குடித்துவிட்டு மிதிவண்டி ஓட்டுவதும் அங்கே குற்றம். இரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 என்ற அளவை எட்டினால் எப்படி ஓட்டினாலும் தண்டனை உண்டு. தடுமாறி ஓட்டினாலோ விபத்து நேர்ந்தாலோ 0.3 என்ற அளவே போதும். ஒயின் சுவைப்பதை அன்றைய ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வது பள்ளத்தாக்கின் வழக்கமும்கூட. குடிக்காதவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பல தோட்டக்காரர்கள் அதே திராட்சையின் சாற்றைப் புளிக்க வைக்காமல் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதில் சோடா கலந்து தரச் சொல்லிக் குடித்தால் வெயில் நேரத்துக்கு அதைவிட நல்ல பானம் இல்லை.

ட்ரியரிலிருந்து புறப்பாடு

ட்ரியரில் ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். ரோமானியர்கள் கட்டிய நகரம் இது. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ‘கறுப்பு வாயில்’ என்னும் போர்ட்டா நிக்ரா, கான்ஸ்டன்டைன் பேரரசரின் அரசவை மண்டபம், பேரரசர் குளியல்கூடம், இன்றும் வண்டிகள் ஓடும் ரோமானியப் பாலத்தின் தூண்கள் ஆகிய எல்லாமே நடந்தோ மிதித்தோ போகும் தொலைவில் இருக்கின்றன. 1986 முதல் இவை உலகப் பாரம்பரியச் சின்னங்கள். 1818இல் கார்ல் மார்க்ஸ் பிறந்ததும் இங்கேதான். சமூகத்தின் பொருளாதார அடித்தளத்தைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய நாள்களில், 1843இல், ஒரு நாளிதழில் எடுத்துக்கொண்ட பொருள் மோசல் திராட்சை விவசாயிகளின் வறுமை. இன்று மலர்த்தொட்டிகளோடு மின்னும் இந்த ஊர்களில் அன்று பசி இருந்தது என்பதை நினைவில் கொண்டு பாதையில் இறங்குவது நல்லது.

எந்தத் திசையில் போவது என்ற கேள்விக்கு என் பதில்: ட்ரியரிலிருந்து கோப்லென்ஸுக்கு. மேற்கிலிருந்து வீசும் காற்று பெரும்பாலான நேரம் முதுகைத் தள்ளும்; வளைவுகளில் முகத்தில் அடித்தாலும் அது நீடிக்காது. கரைகளில் ஆற்றின் கிலோமீட்டர் எண்கள் நடப்பட்டிருக்கின்றன. அவை கோப்லென்ஸில் பூஜ்யத்தில் தொடங்குவதால், நீங்கள் போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். ட்ரியர் 190ஐ ஒட்டி, நொய்மாகன் 153, பெர்ன்காஸ்டல் 129, ட்ராபன்-ட்ரார்பாக் 106, புல்லாய் 85ஐ ஒட்டி, கோக்கெம் 51. எவ்வளவு வந்திருக்கிறோம், எவ்வளவு மிச்சம் என்பதைக் கைபேசியைப் பார்க்காமலே கணக்கிட இந்த எண்கள் போதும். மிதிவண்டிக்கான வழிகாட்டிப் பலகைகள் வெள்ளை நிறத்தில் பச்சை எழுத்துகளோடு இருக்கும்.

முதல் நாள் நொய்மாகன் வரை, சுமார் நாற்பது கிலோமீட்டர். நகரின் ஓரத்துத் தொழிற்பகுதிகளைக் கடக்கும் முதல் ஒரு மணி நேரம் அழகில்லாதது. ஷ்வைஷுக்குப் பிறகு மலைகள் நெருங்கிவரும். நொய்மாகனில் 1878ஐ ஒட்டித் தோண்டியெடுத்த, மதுப்பீப்பாய்களைச் சுமந்த கப்பலின் கற்சிற்பம், கி.பி. 220ஐ ஒட்டிய காலத்தது. அசல் ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்த மரக்கப்பல் ஒன்று நொய்மாகன் துறையில் மிதக்கிறது. அடுத்து வரும் பீஸ்போர்ட்டில், சரிவின் அடியிலேயே நான்காம் நூற்றாண்டு ரோமானியத் திராட்சைச் சாறு பிழியும் தொட்டிகளைக் காணலாம். மேலே கொடி, கீழே தொட்டி, எதிரே ஆறு என்ற அமைப்பு பதினாறு நூற்றாண்டுகளாக மாறவில்லை.

நடுப்பகுதி: அவசரப்படக் கூடாத இடம்

நொய்மாகனிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக் வரையிலான நாற்பத்தேழு கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டிவிட முடியும். ஆனால் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்திச் சொல்வேன். ரயில் இல்லாத பகுதி இதுதான். அதனாலேயே ஊர்கள் தம் உருவம் குலையாமல் இருக்கின்றன.

வண்டியை நிறுத்தி மண்ணைப் பாருங்கள். அது மண்ணே அல்ல. உடைந்த சிலேட்டுக் கல். நம் தாத்தா பாட்டி பள்ளிக்கூடத்தில் எழுதப் பயன்படுத்திய அதே வகைக் கல் சில்லுசில்லாகக் குவிந்து கிடக்கும். இவ்வளவு வடக்கே, இந்த அட்சரேகையில், திராட்சை பழுப்பதே கடினம். தெற்கு நோக்கிய சரிவு வெயிலை நேராக வாங்க, சிலேட்டு பகலில் சூடேறி இரவில் கொடிக்கு அந்தச் சூட்டைத் திருப்பித் தர, ஆற்றுப் பரப்பு ஒளியை மேலே எறிய, மூன்றும் சேர்ந்துதான் ரீஸ்லிங் என்ற வகைத் திராட்சையை இங்கே பழுக்க வைக்கின்றன. அதனால்தான் ஆற்றின் வளைவில் வெயில் படும் பக்கம் முழுக்கக் கொடியும், எதிர்ப்பக்கம் முழுக்கக் காடுமாக இருக்கிறது. சரிவு செங்குத்தாக இருப்பதால் கொடியைக் கம்பிப் பந்தலில் படரவிடாமல், ஒவ்வொரு செடிக்கும் ஒரு கம்பம் நட்டு, கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டும் பழைய முறையும் இங்கே உயிரோடு இருக்கிறது. தொழிலாளி கம்பங்களைச் சுற்றி எந்தத் திசையிலும் நகர்ந்து வேலை செய்யலாம் என்பது அதன் பயன். டிராக்டர் ஏற முடியாத இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கர வண்டி ஏறுகிறது. மருந்து தெளிக்க ஹெலிகாப்டர் வருவதும் உண்டு. அப்போது பாதையைச் சிறிது நேரம் மறித்தால் பொறுமையோடு நிற்க வேண்டும். அறுவடைக்கு முன் சில ஊர்களில் தோட்டங்களுக்குள் நுழைய அனுமதியில்லை என்று பலகை வைப்பார்கள். கைக்கெட்டும் கொத்தைப் பறிப்பது எந்தக் காலத்திலும் முறையல்ல.

பெர்ன்காஸ்டல்-கூஸ் இருகரைகளிலும் கிடக்கும் இரட்டை ஊர். பெர்ன்காஸ்டல் பக்கம், மரச்சட்டங்களுக்கிடையே மண்ணும் சுண்ணாம்பும் அடைத்துக் கட்டிய வீடுகள் சூழ்ந்த சந்தைச் சதுக்கமும், 1416இல் கட்டிய, அடி குறுகி மேலே அகன்ற ஒடுங்கிய வீடும் இருக்கின்றன. எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பாலம் கடந்து கூஸ் பக்கம் போகாமல் வரக் கூடாது. 1401இல் இந்த ஊரில் பிறந்த தத்துவ அறிஞரும் கர்தினாலுமான நிக்கோலஸ், பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் முதியோருக்காக ஓர் இல்லத்தை நிறுவினார். அது இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளின் நூலகம் உள்ளே இருக்கிறது. அறக்கட்டளைக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டங்களின் வருமானம் அதைத் தாங்குகிறது. சுற்றுலாக் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் இப்படி ஓர் அமைதி இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

கால் இன்னும் கேட்கிறது என்றால், பெர்ன்காஸ்டலில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, காலையில் மிதிவண்டிப் பேருந்தில் எரிமலை ஏரிகள் சூழ்ந்த தௌன் ஊருக்கு ஏறிச் செல்லுங்கள். அங்கிருந்து பெர்ன்காஸ்டலுக்கு, கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மீது 58 கிலோமீட்டர் பாதை, சுரங்கங்களும் உயர்ந்த பாலங்களுமாக, பெரும்பாலும் இறக்கமாகவே வருகிறது. குழந்தைகளுக்குக்கூட ஏற்றது. சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும். சட்டை ஒன்றைப் பையின் மேலேயே வையுங்கள்.

பெர்ன்காஸ்டலிலிருந்து கீழே யூர்சிக் அருகே, 2019இல் திறந்த, 158 மீட்டர் உயரமுள்ள நெடுஞ்சாலைப் பாலம் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகிறது. அதன் அடியில் பாதை போகும்போது தலைக்கு மேல் லாரிகளின் ஓசை கேட்கும். பல ஆண்டுகள் அதை எதிர்த்துப் போராடியவர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. ட்ராபன்-ட்ரார்பாக் 1900ஐ ஒட்டி ஒயின் வணிகத்தில் செழித்த ஊர். அந்தக் காலத்து வளைகோட்டுப் பாணியில் கட்டிய மாளிகைகளும், 1899இல் எழுந்த பாலவாயிலும், வீதிகளின் அடியில் நெடுந்தூரம் ஓடும் நிலவறைகளும் அந்தச் செல்வத்தின் சாட்சிகள். இங்கே வந்து சேர்ந்ததும் ரயில் மறுபடி கிடைத்துவிடும்.

தங்குவதும் உண்பதும்

‘பெட் உண்ட் பைக்’ என்ற அடையாளம் பொறித்த விடுதிகளைத் தேடுங்கள். ஜெர்மன் மிதிவண்டியாளர் சங்கம் தரும் சான்று அது. ஓர் இரவு மட்டும் தங்குகிறவரையும் ஏற்பது, வண்டிக்குப் பூட்டிய அறை, நனைந்த துணி உலர்த்த இடம், சிறு பழுதுக்குக் கருவிகள் ஆகியவை அதற்கான நிபந்தனைகளில் அடங்கும். வீட்டுவாசலில் ‘சிம்மர் ஃப்ரை’ என்று பலகை தொங்கினால் அறை காலி என்று பொருள். திராட்சை விவசாயிகள் தம் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை விடுவது வழக்கம். பெரிய விடுதிகளைவிட இவையே எனக்குப் பிடித்தவை. காலை உணவின்போது வீட்டுக்காரரிடம் வானிலையைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் திராட்சையைப் பற்றிப் பேசுவார்.

வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ கட்டியிருந்தால் அந்தத் தோட்டக்காரர் தம் முற்றத்தில் சிற்றுண்டியும் சொந்த ஒயினும் விற்கிறார் என்று அறியலாம். ‘ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட்’ என்று இதற்குப் பெயர். ஆண்டில் நான்கு மாதம், நாற்பது இருக்கைக்குள் நடத்தினால் உணவக உரிமம் தேவையில்லை என்ற விதியால் இந்த வழக்கம் நீடிக்கிறது. சைவ உணவுக்காரர்கள் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும், பாலாடைக்கட்டித் தட்டும், மே மாதமானால் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டும் கேட்கலாம். மெல்லிய ரொட்டியில் பாலேடும் வெங்காயமும் பரப்பிச் சுடும் ‘ஃப்ளாம்கூகன்’ சுவையானது. அதிலும் இலையுதிர்கால வெங்காயப் பணியாரத்திலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் சேர்ப்பது வழக்கம் என்பதால், ‘ஓனே ஷ்பெக்’, அதாவது கொழுப்பு இல்லாமல், என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். செப்டம்பரில் கிடைக்கும் ‘ஃபேடர்வைசர்’ இன்னும் புளித்துக்கொண்டிருக்கும் பானம். காற்று வெளியேற வேண்டும் என்பதற்காக மூடியை இறுக்க மாட்டார்கள். புட்டியைப் பையில் படுக்க வைத்து என் துணிகள் எல்லாம் நனைந்த அனுபவம் எனக்கு உண்டு. நிறுத்தியே வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை. சிற்றூர் உணவகங்களில் திங்கள் அல்லது செவ்வாய் ‘ரூஹெடாக்’, ஓய்வு நாள். ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை ஏற்காத முற்றங்களுக்காகக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும்.

புல்லாயிலிருந்து கோப்லென்ஸ் வரை

இங்கிருந்து ரயில் துணைக்கு வரும், சாலையும் வரும். ட்ராபனிலிருந்து புல்லாய் வழியாகக் கோக்கெம் வரையிலான ஐம்பத்தைந்து கிலோமீட்டரை ஒரு நாளில் முடிக்கலாம். ப்ரெம் ஊரில் நின்று, அறுபது பாகைக்கு மேல் செங்குத்தான கால்மாண்ட் சரிவையும், அது ஆற்றின் அக்கரையில் பார்த்துக்கொண்டிருக்கும் கன்னிமாடத்தின் இடிபாட்டையும் காணுங்கள். ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் இரு கரைகளிலும் ஊர்கள் இருப்பதால், எந்தக் கரையில் நெடுஞ்சாலை போகிறதோ அதை விட்டு மறுகரையைத் தேர்ந்தெடுப்பதே விதி. ப்ரெம்முக்கும் கோக்கெமுக்கும் இடையே நெடுஞ்சாலை பெரும்பாலும் இடக்கரையில் போகிறது. வலக்கரையில் இருக்கும் பைல்ஷ்டைன் அதனால் சற்று ஒதுங்கியே இருக்கிறது. 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்த கோட்டையின் கீழே ஒரு கைப்பிடி வீடுகள். பகலில் கூட்டம் மொய்க்கும். மாலை ஆறுக்குப் பிறகு வந்தால் கற்படிகளில் உங்கள் காலடி ஓசை மட்டும் கேட்கும். அக்கரைக்குப் படகுத்துறையும் இருக்கிறது.

கோக்கெமுக்குக் கீழே அழகு சற்றே குறைகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ட்ரைஸ்-கார்டனைத் தாண்டியபின் இரு கரைகளிலும் நெடுஞ்சாலை ஓடுவதால், மிதிவண்டிப் பாதை பல இடங்களில் அதன் தோளிலேயே போகிறது. நாள் குறைவாக இருப்பவர்கள் வெட்டக் கூடிய பகுதி இதுதான். நடுப்பகுதியை வெட்டிவிட்டு இதை ஓட்டுவது வீண். ஆனால் மோசல்கெர்னில் மட்டும் இறங்கிவிடுங்கள். நிலையத்தருகே வண்டியைப் பூட்டிவிட்டு, ஓடையை ஒட்டிக் காட்டு வழியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் நடந்தால் எல்ட்ஸ் கோட்டை. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில், போரில் ஒருபோதும் இடிபடாமல் நிற்கும் கோட்டை அது. ஏப்ரல் தொடங்கி நவம்பர் முதல் நாள் வரைதான் திறந்திருக்கும். அந்த வழி நடப்பவர்களுக்கு உரியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்காதீர்கள்.

கோப்லென்ஸில் பாதை ஆற்றோடு சேர்ந்தே முடிகிறது. மோசலும் ரைனும் கலக்கும் முனையில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் பார்த்தால், இரண்டு நீரின் நிறமும் சில நாள்களில் வெவ்வேறாகத் தெரியும்.

ட்ரியருக்குத் திரும்பும் ரயிலில் இடப்பக்கச் சன்னலில் உட்காருங்கள்; கோக்கெம் வரை ஆறு அந்தப் பக்கமே வரும். பிறகு சுரங்கம். அரைநாள் மிதித்துச் சுற்றிவந்த இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வளைவு சில நிமிட இருட்டில் முடிந்துபோகும். புல்லாயில் ஈரடுக்குப் பாலத்தின் மேல்தட்டில் ஆற்றைக் கடந்து, ஒரு சிறு சுரங்கம் தாண்டியதும், திராட்சைச் சரிவின் இடுப்பில் வளைந்து போகும் நீண்ட கல்பாலத்தின் மீது ரயில் ஏறும். ஆற்றைக் கடைசியாகப் பார்க்கும் இடம் அதுதான். கீழே புண்டரிஷ் ஊரின் படகுத்துறையும் நீங்கள் ஓட்டிவந்த பாதையும் தெரியும். கேமராவைச் சுரங்கத்துக்குள்ளேயே எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடுத்த சுரங்கம் வந்துவிடும்.